நார்மல் என்று எழுதிய குழாய்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எனக்கு ஒரு பட்டப் பெயர் இருந்தது. நார்மல். அப்பாவும் அம்மாவும் யோசித்து வைத்து, பாதர் தலையில் தண்ணீர் ஊற்றி உறுதி செய்த பெயர் ஒன்று இருந்தும், நாலைந்து வருடம் அங்கே யாரும் என்னை அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நார்மல் வந்தாச்சா?" "நார்மல் சாப்பிடப் போயிருக்கு லா." வெளியாள் கேட்டால் கிண்டல் என்று நினைத்திருப்பார். கிண்டலும் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொன்னால்தான் நான் செய்த காரியமும் விளங்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு புதுச் சோதனையை ஆரம்பித்தார்கள். கிருமியை அடிப்பதற்காக உடம்பு செய்து வைத்திருக்கும் ஆன்டிபாடிகள், சிலருக்குப் புத்தி மாறி, சொந்த உடம்பின் செல்களையே அடிக்கத் தொடங்கிவிடும். முக்கியமாக, செல்லின் நடுவில் இருக்கும் உட்கருவை. லூப்பஸ் என்ற நோய் அந்த வகையைச் சேர்ந்தது. மூட்டு வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், தூங்கினாலும் தீராத களைப்பு என்று ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது ஒரு சின்னப் புட்டி. அதற்குள் ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி.

அது வெளிநாட்டிலிருந்து ட்ரை ஐஸ் போட்ட பெட்டியில், பாய லேபார் விமான நிலையத்தில் வந்து இறங்கும். பெட்டி பெரிது, புட்டி கட்டை விரல் அளவு. வேலை இப்படி நடக்கும். எலியின் ஈரலை உறைய வைத்து மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டுவோம். அதன்மேல் நோயாளியின் சீரத்தை விடுவோம். சீரம் என்றால் இரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர்தான். நோயாளியின் ஆன்டிபாடி உட்கருவை அடிக்கிற வகை என்றால் அந்த ஈரல் செல்களின் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை ஒரு சொட்டு விடுவோம். அது மனித ஆன்டிபாடி எங்கே ஒட்டியிருக்கிறதோ தேடிப் போய் அதன்மேல் உட்காரும். மறுபடி கழுவி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் பார்த்தால், நோய் இருப்பவரின் ஸ்லைடில் உட்கருக்கள் வட்ட வட்டமாகப் பச்சையில் எரியும். இல்லாதவரின் ஸ்லைடு இருட்டாகக் கிடக்கும். எரிந்தால் பாசிட்டிவ், இருட்டானால் நெகட்டிவ்.

ஒவ்வொரு தடவையும் கூடவே இரண்டு சாட்சி ஸ்லைடுகள் வைக்க வேண்டும். ஒன்று, லூப்பஸ் நிச்சயமாக இருக்கும் ஒருவரின் சீரம். அது எரிந்தே ஆக வேண்டும். இன்னொன்று, நல்ல ஆரோக்கியமான ஒருவரின் சீரம். அது இருண்டே ஆக வேண்டும். அந்த ஆரோக்கியமான ஆள் யார் என்று தேடியபோது எங்கள் சீனியர் என்னைப் பார்த்தார்.

சீனியர் தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். வருடா வருடம் தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். ஆய்வகத்திலும் அதே பக்தி. சொட்டு விடும் பிப்பெட்டைக் கீழே வைத்தால் சத்தம் வரக் கூடாது.

"நீதான் எம்.சி.யே எடுக்க மாட்டியேம்மா," என்றார். "உன் பிளட்டையே வச்சிக்கலாம்."

எம்.சி. என்றால் உடம்பு சரியில்லை என்று டாக்டர் கொடுக்கும் விடுப்புச் சீட்டு. நான் அதை எடுத்ததில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன், மாதவிடாய் வலியோடும் நின்றிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. அன்றே கையை நீட்டினேன். என் இரத்தத்தை எடுத்து, சீரத்தைப் பிரித்து, சின்னக் குழாய்களில் ஊற்றி, சீனியர் தம் அழகான கையெழுத்தில் 'நார்மல்' என்று எழுதி உறைபெட்டியில் வைத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக எடுப்பார். இந்தத் தீவில் எத்தனையோ பேருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று என்னோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை அது. ஆனாலும் பெருமைதான்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் எனக்குத் தலைவலி தொடங்கியது. முப்பத்திரண்டு வயது. அப்போதுதான் சீனியர் டெக்னீஷியன் பதவிக்கு என் பெயர் போயிருந்தது, அதற்கு உடல் பரிசோதனை உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர் கிளினிக்குக்குப் போனால் ஃபைலில் ஏறிவிடும் என்று பயந்து, சிராங்கூன் ரோட்டில் பூக்கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்து, பிரஷர் ஏறியிருக்கிறது என்றார்.

"வேலையைக் குறைங்க, உப்பைக் குறைங்க."

"உப்பைக் குறைக்கிறேன் டாக்டர்," என்றேன்.

அந்தக் காலத்தில் கிளினிக்கிலேயே மாத்திரையை எண்ணி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பையின்மேல் 'மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்' என்று மட்டும் இருக்கும். மாத்திரையின் பெயர் இருக்காது, நாமும் கேட்க மாட்டோம். தேதி, நேரம், கையெழுத்து இல்லாத குழாயைத் தொடவே மாட்டேன் என்று மற்றவர்களிடம் சண்டை போடுகிறவள், பெயரில்லாத மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினேன். சரியாகவில்லை என்றதும் டாக்டர் அளவைக் கூட்டினார். அதையும் விழுங்கினேன். பரிசோதனையின்போது பிரஷர் ஒழுங்காக இருந்தது. ஆய்வகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நார்மல் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்கள் என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பெரிய கவலை.

பிறகு களைப்பு வந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் சரியான வார்த்தை இல்லை. ஃபேரர் பார்க்கில் எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் நிற்காத மாடி அது. ஒரு காலத்தில் சந்தைப் பையோடு மூச்சு வாங்காமல் ஏறியவள், இரண்டாவது மாடியில் நின்று யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார ஆரம்பித்தேன். காலையில் விரல்கள் மடங்காது. பல் விளக்கும்போது பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடிப்பேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி, கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை ஜாஸ்தி."

"எல்லாருக்கும்தான் வேலை. நீ மட்டும் ஏன் கிழவி மாதிரி நடக்குற?"

வேலை ஜாஸ்தி என்பதை நானே நம்பிவிட்டேன். உழைக்கிறவளுக்கு வலி இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியம்.

ஒரு புதன்கிழமை இருட்டறையில் சீனியர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வாம்மா," என்றார். "இதப் பாரு. நார்மல் எரியுது."

பார்த்தேன். என் சீரம் போட்ட ஸ்லைடில் உட்கருக்கள் மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், பச்சையாகத் தெரிந்தன. இருண்டு கிடக்க வேண்டிய ஸ்லைடு அது. சாட்சியே சரியில்லை என்றால் அன்றைய சோதனை மொத்தமும் செல்லாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுநாள் திரும்பச் செய்தோம். திரும்பவும் எரிந்தது.

முதலில் மஞ்சள் தூள்மேல் சந்தேகம் வந்தது. அது வெட்டிச் சந்தேகம் இல்லை. மஞ்சளும் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். ஒரு வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள் சீனியரின் விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்லைடில் பட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒரே திருவிழாவாக இருந்தது. அதனால் தமிழர்கள் எல்லோரும் மதியம் கரண்டியில் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மீன் குழம்புச் சோற்றைக் கரண்டியில் தின்றது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் எரிச்சலோடு, விரலை மடக்கிச் சோறு பிசைய வேண்டாம் என்ற ஒரு நிம்மதியும் இருந்தது, அது ஏன் நிம்மதி என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கரண்டியில் சாப்பிட்ட பிறகும் நார்மல் எரிந்தது.

பிறகு புட்டியிலிருந்த ஆன்டிபாடியின்மேல் பழி விழுந்தது. விமான நிலையத்தில் வெயிலில் கிடந்து கெட்டிருக்கும் என்றார் சீனியர். இறக்குமதி ஏஜென்டிடம் சண்டை போட்டு வேறு புட்டி வரவழைத்தார். அதிலும் எரிந்தது. அப்படியென்றால் இந்த ஆன்டிபாடி காரம் அதிகம், நீர்க்க வைக்க வேண்டும் என்று முடிவானது. ஒரு பங்கு ஆன்டிபாடிக்கு இருபது பங்கு உப்புத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தோம். முப்பதாக்கினோம், நாற்பதாக்கினோம். அறுபதில் நார்மல் ஏறக்குறைய இருண்டது.

"இப்பதான் சரியாச்சு," என்று சீனியர் மூச்சு விட்டார். நிச்சயமான லூப்பஸ் நோயாளியின் ஸ்லைடு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது, அது அவ்வளவு முற்றிய நோய். இரண்டு சாட்சிகளும் ஒழுங்காக இருந்ததால் அறுபது என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். மஞ்சளைச் சந்தேகப்பட்டோம், புட்டியைச் சந்தேகப்பட்டோம், விமானத்தைச் சந்தேகப்பட்டோம். எம்.சி. எடுக்காத என்னை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. நானும்தான்.

அடுத்த நான்கு மாதம் அந்த அறுபதிலேயே ஓடியது.

அந்த நான்கு மாதத்தில் ஒரு பெண்ணின் இரத்தம் மூன்று முறை எங்களிடம் வந்தது. முதல் இரண்டு முறையும் நான்தான் பார்த்தேன். இருட்டுக்கும் பச்சைக்கும் நடுவில் ஏதோ சாம்பல் நிறம். பக்கத்தில் நார்மலைப் பார்த்தேன். அதுவும் அதே சாம்பல் நிறம். நார்மலும் இதுவும் ஒன்று என்றால் நெகட்டிவ். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது முறை, இரத்தம் எடுக்கிறவர் விடுப்பில் இருந்ததால் வெளிநோயாளி கிளினிக்கில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவள் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கன்னத்தில் வெயில் பட்டது போலச் சிவப்பு. ஜூரோங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து முடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டுகிற வேலை.

"நீயும் மைக்ராஸ்கோப்பா?" என்றேன்.

"நீங்களுமாக்கா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இப்ப முடியலக்கா. காலையில விரல் மடங்க மாட்டேங்குது. பிள்ளைக்கு யூனிஃபார்ம் பட்டன் போட முடியல. தூங்கி எந்திரிச்சாலும் அசதி, குளிச்சாலும் அசதி. மாமியா நடிக்கிறேங்கிறாங்க. எம்.சி. ஜாஸ்தி எடுத்துட்டேன்னு ஃபேக்டரில ரெண்டு வார்னிங் லெட்டர் கொடுத்துட்டாங்க. மூணாவது வந்தா வேலை போயிரும்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"டெஸ்ட்ல ஒண்ணுமில்லையாம். இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு வந்தா மனசு டாக்டர்கிட்ட அனுப்பப் போறாராம். வியாதி இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தா, சூப்பர்வைசர் என்னைய பேக்கிங் பக்கம் மாத்திவிடுவாரு. எனக்கு அந்தப் பேப்பர் மட்டும் போதும்க்கா."

அவள் கையில் ரப்பர் பட்டையை இறுக்க வேண்டியிருந்தது. என் விரல்களால் முடிச்சுப் போட முடியவில்லை. இரண்டு முறை நழுவியது. அவள் என் கையையே பார்த்தாள். அவள் சொன்ன ஒவ்வொரு வலியும் எனக்கு இருந்த வலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முறையாக என்னைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அன்றே யாருக்கும் சொல்லாமல் ஒரு சோதனை செய்தேன். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் மலாய் அம்மாள் ஒருவர் இருந்தார், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். அவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் இரத்தம் வாங்கினேன். ஆன்டிபாடியைப் பழையபடி இருபதில் கலந்தேன். மக்சிக்கின் சீரம், என் சீரம், அந்தப் பெண்ணின் சீரம், மூன்று ஸ்லைடு.

மக்சிக்கின் ஸ்லைடு கரியாக இருண்டிருந்தது. அதற்கு மேல் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பார்த்தேன். என்னுடையது எரிந்தது. அந்தப் பெண்ணுடையது இன்னும் நன்றாக எரிந்தது. ஆன்டிபாடி ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயில் தண்ணீரை ஊற்றி அடக்கியிருக்கிறோம், நான் நார்மலாக இருக்க வேண்டும் என்பதற்காக.

இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. நேரே சீனியரிடம் ஓடினேன் என்று எழுதலாம். ஓடவில்லை. இருட்டறைக் கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு லூப்பஸ் என்றால் வேலை என்ன ஆகும், பதவி என்ன ஆகும், அம்மாவை யார் பார்ப்பார்கள், இத்தனை மாதம் மாத்திரையை மறைத்ததை எப்படிச் சொல்வது. எல்லாக் கேள்வியும் என்னைப் பற்றியே இருந்தது. மூன்று ஸ்லைடையும் கழுவித் தொட்டியில் போட்டேன்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை வழக்கமான சோதனை, வழக்கமான அறுபதில் நடந்தது. வெள்ளிக்கிழமை அறிக்கைகளைத் தட்டச்சு செய்து என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் எண்ணுக்கு நேராக நெகட்டிவ் என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடிக்க வலித்தது என்பது நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனேன். செய்த பாவத்தைப் பாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது, நானும் நின்று, முறை வரும் முன்பே விலகிவிட்டேன். பாதரிடம் என்னவென்று சொல்வது? என் சீரம் பொய் சொன்னது, அதற்குத் துணையாக நானும் பொய் சொன்னேன் என்றா? அவர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார், அதைச் சொல்லி முடித்து நானும் நிம்மதியாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அம்மா வழியெல்லாம் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டு வந்தாள். வீட்டுப் படியில் இரண்டாவது மாடியில் நான் உட்கார்ந்தபோது அவள் பேச்சு நின்றது.

திங்கட்கிழமை சீனியர் வந்து சட்டைக் கையை மடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிரஷர், மாத்திரை, விரல், மக்சிக்கின் இரத்தம், வெள்ளிக்கிழமைக் கையெழுத்து. முடித்ததும் அவர் உறைபெட்டியைத் திறந்து 'நார்மல்' என்று எழுதிய குழாயை எடுத்தார்.

"அப்ப ஆன்டிபாடி நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார்.

"ஆமா சார்."

"ஏஜென்ட எப்படியெல்லாம் திட்டினேன்." பிறகு, "உன் பிளட்ட ஒரு தடவையாச்சும் செக் பண்ணியிருக்கணும். எனக்கே தோணல பாரு. நீ எம்.சி.யே எடுக்க மாட்டியேம்மா," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் இருந்த அசதியைத்தான் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

நான்கு மாதத்துச் சீரம் முழுவதையும் உறைபெட்டியிலிருந்து எடுத்து, மக்சிக்கைச் சாட்சியாக வைத்து, இருபதில் திரும்பச் செய்தோம். இரண்டு நாள் ஆனது. அவளையும் சேர்த்து ஆறு பேருடைய முடிவு மாறியது. ஒவ்வொருவரின் டாக்டருக்கும் சீனியர் தாமே போன் செய்தார். தவறு ஆய்வகத்தில் என்று மட்டும் சொன்னார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய டாக்டர் கிடைத்தபோது, அவள் சனிக்கிழமையே கால் வீங்கி வார்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். சிறுநீரகத்தில் நோய் இறங்கியிருந்தது. மூன்றாவது வார்னிங் லெட்டரும் வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் வார்டு பக்கம் போய் அந்த டாக்டரையே கேட்டேன். நான் தயங்கிய அந்த ஐந்து நாளால் ஏதாவது மாறியிருக்குமா என்று. ஐந்து நாள் பெரிதில்லை என்றார் அவர். நான்கு மாதம் பெரிதா என்று நான் கேட்கவில்லை.

என் விஷயம் சுலபமாக முடிந்தது. அதே டாக்டர் என் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்னார். பெயரில்லாத பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிராங்கூன் ரோடு கிளினிக்குக்கு போன் செய்து பெயரைக் கேட்டார். ஹைட்ராலசின். பிரஷருக்கு நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு லூப்பஸ் மாதிரியே ஒரு நோயை உண்டாக்கிவிடும். உட்கருவுக்குள் டி.என்.ஏ. என்ற மரபு நூல் சுற்றி வைத்திருக்கும் நூல்கட்டை மாதிரி ஹிஸ்டோன் என்று ஒரு புரதம் இருக்கிறது, உங்கள் இரத்தம் அந்தக் கட்டையை அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, மாத்திரையை நிறுத்தினால் மறந்துவிடும் என்றார். இப்போதோ அந்த ஹிஸ்டோனில் மாற்றம் செய்கிற என்சைமைத் தனியாகக் கண்டுபிடித்துக் காட்டவே ஒளிரும் ஆன்டிபாடி விற்கிறார்களாம். எங்கள் காலத்தில் எரிகிறதா, இல்லையா என்பதோடு சரி.

நிறுத்தினேன். ஆறு வாரத்தில் விரல்கள் மடங்கின. நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். வருடம் திரும்புவதற்குள் என் ஸ்லைடும் கரியாக இருண்டது. சீனியர் பார்த்துவிட்டு, "இப்ப மறுபடியும் நார்மல்தான்," என்றார், பாதி கேள்வியாக. கையை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் எல்லோரும் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், எனக்குத்தான் திரும்பிப் பார்க்க நேரம் பிடித்தது. பதவியும் கிடைத்தது. அது கிடைத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவளை நான் மறுபடி பார்த்தது இரண்டு வருடம் கழித்து, தேக்கா மார்க்கெட்டில். நான் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வட்டமாக உப்பியிருந்தது, முடி கொட்டியிருந்தது. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.

"பிளட் எடுத்த அக்காதானே? வார்டுக்கு வந்து பாத்தப்ப உங்க சீனியர் சார் சொன்னாரு, தப்பைக் கண்டுபிடிச்சதே நீங்கதானாம். ரொம்ப நன்றிக்கா."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இரண்டு வருடமாக வீட்டில், பஸ்ஸில், இருட்டறையில் அவளிடம் சொல்வதாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வெண்டைக்காய்க்காரர் முன்னாலேயே சொன்னேன்.

"தப்பே என்னாலதாம்மா வந்துச்சு. என் பிளட்ட வச்சுத்தான் உன் டெஸ்ட்ட பார்த்தோம். என் பிளட்டே சரியில்ல. மூணாவது ரிப்போர்ட் போறப்ப எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்."

அவள் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா?"

"பயந்துட்டேன். எனக்கு வியாதின்னு சொல்லிருவாங்கன்னு."

"ஓ," என்றாள். "எனக்கு யாருமே அப்படிச் சொல்ல மாட்டேன்னாங்க."

அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இருந்திருந்தால் அது நியாயம்தான். அவள் கீழே வைத்திருந்த காய்கறிப் பையைத் தூக்கப் பார்த்தாள், பை நழுவி ஒரு எலுமிச்சம்பழம் உருண்டது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"காலையில இருந்து விரல் மடங்கலக்கா," என்றாள். "உங்களுக்கும் அன்னைக்கு இப்படித்தான இருந்துச்சு? முடிச்சு போட முடியாம நின்னீங்களே. இப்ப எப்படி?"

"மாத்திரைய நிறுத்தினேன். போயிருச்சு."

"எனக்கு நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க," என்றாள். பிறகு பையை என் பக்கம் நகர்த்தினாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் இதப் பிடிச்சுக்கிறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். பை நல்ல கனம். பஸ் ஸ்டாப் வரை அவள் முன்னால் மெதுவாக நடந்தாள், நான் பின்னால் போனேன். பையின் காதுகளைச் சுற்றி என் பத்து விரல்களும் ஒரு வலியும் இல்லாமல் மடங்கியிருந்தன.